ஊரைக் கட்டிய கம்பெனியும் ஒரு சில்லறை உண்டியலும்

மனை விற்கிறவர்கள் 'இங்கே ஸ்கூல் வரும், அங்கே பார்க் வரும்' என்று காற்றில் கை காட்டுவார்கள். வராது. வாங்கினவர் பேரன் காலத்தில் வந்தால் உண்டு.

ஆனால் சொன்னபடி பார்க்குக்கு இடம் விட்டு, கோயிலுக்கு இடம் கொடுத்து, அகல அகலமாக ரோடு போட்டு, வேலையும் கொடுத்து, வீடும் கொடுத்து, ஒரு முழு நகரத்தையே லே-அவுட் போட்டு வளர்த்த மகா நிலக்கிழார் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில். ஆள் அல்ல, கம்பெனி. பெயர் ஆமஸ்கெக்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெர்ரிமாக் என்று ஒரு நதி. அதில் ஆமஸ்கெக் என்று ஓர் அருவி. அருவியைப் பார்த்தால் கவிஞருக்குக் கவிதை வரும். பாஸ்டன் பணக்காரர்களுக்கு மில் வந்தது. 1831ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். விழுகிற தண்ணீரைக் கால்வாயில் திருப்பி சக்கரத்தைச் சுற்றவிட்டால் தறி ஓடும் என்பது கணக்கு. தண்ணீர் உரிமையை வாங்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 ஏக்கர் நிலத்தையும் சேர்த்து வளைத்துப் போட்டார்கள். விலைக்குத்தான், சந்தேகப்படாதீர்கள்.

1838ல் எஸிகியல் ஸ்ட்ரா என்று ஓர் இளம் இன்ஜினீயர் வந்தார். நதிக்கு இணையாகத் தெருக்கள், குறுக்கே தெருக்கள், நடுவில் எல்ம் தெரு என்று ஒரு ராஜபாட்டை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அதே வருஷம் மனைகள் ஏலத்துக்கு வந்தன. அதுதான் மான்செஸ்டர் நகரம். இங்கிலாந்து மான்செஸ்டரைப் பார்த்து வைத்த பெயர். ஸ்ட்ரா பிற்பாடு கம்பெனியின் தலைமை ஏஜெண்ட் ஆனார். அப்புறம் 1872ல் மாநில கவர்னரே ஆகிவிட்டார். ரோடு போட்டவர் கவர்னர் ஆவதில் தப்பில்லை. கவர்னர் ஆனபின் ரோடு போடாமலிருப்பதுதான் தப்பு.

கம்பெனி சாமர்த்தியசாலி. எல்லா நிலத்தையும் ஒரே நாளில் விற்றுவிடவில்லை. கொஞ்சம் விற்றது, கொஞ்சம் வைத்துக் கொண்டது. விற்ற மனையின் பத்திரத்திலும் இப்படிக் கட்டு, அப்படிக் கட்டாதே என்று நிபந்தனைகள். மில்லை ஒட்டி, செங்கல்லில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகளைத் தானே கட்டி வாடகைக்கு விட்டது. ஆரம்பத்தில் அங்கே குடியிருந்தது பக்கத்துக் கிராமத்து விவசாயிகளின் பெண்கள். இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டு; ஞாயிற்றுக்கிழமை சர்ச் கட்டாயம். சம்பளம் கொடுக்கிறவரே வீட்டுக்காரராகவும் இருந்தால், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதையும் அவரே சொல்வார்.

பெண்களுக்கு அப்புறம் ஐரிஷ்காரர்கள் வந்தார்கள். 1860களுக்குப் பிறகு வடக்கிலிருந்து ரயிலேறி வந்தவர்கள்தான் நம் கதாநாயகர்கள் - பிரெஞ்சு கனடியர்கள்.

கனடாவில் க்யூபெக் மாகாணம். நதிக்கரையிலிருந்து உள்ளே நாடா மாதிரி நீளும் ஒல்லி ஒல்லியான வயல்கள். பனிக்காலமோ பாதி வருஷம். வீட்டுக்குப் பத்துக் குழந்தைகள் என்பது சர்வசாதாரணம். நிலம் ஒரு மகனுக்குத்தான் தேறும். மற்ற ஒன்பது பேர்? அங்கே ஒரு மாதிரி ஜமீன் முறை இருந்தது. 1854ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஒழித்த பிறகும் நிலத்துக்கான வருடாந்தர வாடகையை 1940 வரை கட்டிக் கொண்டிருந்தார்கள் என்றால், ஒழிப்பு எவ்வளவு சாவகாசமாக நடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கடன்காரன் வேறு. 1840க்கும் 1930க்கும் நடுவில் சுமார் 9 லட்சம் பேர் க்யூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள்.

அவர்களில் ஒரு பெருங்கூட்டம் மான்செஸ்டருக்கு. அத்தை வந்தாள், மாமனை அழைத்தாள். மாமன் வந்தான், மச்சினனைச் சேர்த்துவிட்டான். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் வேலை. கம்பெனியும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. 1900ஐ ஒட்டி ஊரில் மூன்றில் ஒருவருக்கு மேல் பிரெஞ்சு பேசுகிறவர். பெரும்பாலோர் குடியேறியது நதிக்கு மேற்கே. அங்கேயும் கம்பெனிக்கு நிலம் இருந்தது. மூன்று மாடி மர வீடுகள், மாடிக்கொரு குடும்பம், பின்பக்கம் துணிக்கொடி. அந்தப் பகுதிக்கே 'குட்டி கனடா' என்று பெயர். பிரெஞ்சில் பிறந்து, பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் சண்டை போட்டு, பிரெஞ்சில் பாவமன்னிப்புக் கேட்டு, பிரெஞ்சிலேயே போய்ச் சேரலாம். இங்கிலீஷ் தேவையே இல்லை.

இது மற்றவர்களுக்குப் பிடிக்குமா? 1881ல் பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது. இவர்கள் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்றது. அந்தக் காலத்தில் அது வசவு. நிலைத்துத் தங்கமாட்டார்கள், பணத்தைச் சுரண்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளைப் படிக்க அனுப்பாமல் மில்லுக்கு அனுப்புகிறார்கள் என்று குற்றப்பத்திரிகை. பிரெஞ்சு கனடியர்கள் கொதித்தார்கள். கூட்டம் போட்டார்கள். அறிக்கை எழுதியவரை உட்கார வைத்து விசாரணையில் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் விஷயம் மட்டும் முழுப் பொய் இல்லை. 1909ல் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் இதே மான்செஸ்டரில், மில் வாசலில் நின்ற சிறுவர் சிறுமிகளைப் படம் பிடித்திருக்கிறார். பிள்ளைகளை உள்ளே விட்டது மில் வாசல்தானே, அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டால் அறிக்கையில் பக்கம் போதாது.

சரி, முதலாளி ரொம்பக் கொடுமைக்காரரா? அதுதான் இல்லை. சிக்கலே அங்கேதான்.

கம்பெனி வீடுகள் உறுதியானவை, சுத்தமானவை. வாடகை அறைக்கு மாதம் சுமார் ஒரு டாலர். வெளியே கிடைக்காத விலை. காலி வீட்டுக்கு க்யூ நிற்கும். பிற்பாடு விளையாட்டு மைதானம், நர்ஸ், பல் வைத்தியம் என்று என்னென்னவோ வந்தது. தமாரா ஹரேவன் என்ற சரித்திரப் பேராசிரியர் பழைய தொழிலாளர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டியெடுத்து, 1978ல் 'ஆமஸ்கெக்' என்றே ஒரு புத்தகம் போட்டார். காது கிழிகிற தறிச் சத்தம், பஞ்சுத் தூசி, நீண்ட ஷிஃப்ட் என்று குறை சொன்னவர்களே, நம்ம கம்பெனி என்ற பெருமையோடும் பேசினார்கள். மிகையில்லை. உச்சத்தில் 17,000 பேர் வேலை பார்த்த இடம். உலகத்திலேயே பெரிய பருத்தி மில் என்று பெயர். மணிக்கு ஐம்பது மைல் நீளத் துணி வெளியே வரும் என்பார்கள். லெவி ஸ்ட்ராஸ் முதன்முதலில் தைத்த ஜீன்ஸுக்கு டெனிம் துணி போனதே இங்கிருந்துதான்.

நல்ல முதலாளி, நல்ல வீடு, நல்ல வாடகை. பிறகென்ன குறை? ஒரே ஒரு குறை. இதில் எதுவுமே குடியிருக்கிறவனுடையது இல்லை. வேலை போனால் கம்பெனி வீடும் போகும். நல்ல வீட்டுக்காரர் அமைவது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டத்துக்குப் பட்டா கிடையாது.

இது ஒருவருக்குப் புரிந்திருந்தது. பாதிரியார் பியேர் எவே. மேற்குக்கரை சேன்த் மரி பங்கின் குரு. அதற்கு முன்னால் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில், இதே மாதிரி மில் ஊரில், இதே மாதிரி ஜனங்கள் நடுவில் இருந்து பழக்கப்பட்டவர். பள்ளிக்கூடம், அனாதை இல்லம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒன்று உறுத்தியது. ஒரு தறிக்காரன் வீடு வாங்க ஆசைப்பட்டால் எங்கே போவான்? பாங்கில் கோட்டுப் போட்டவரைத்தான் உட்காரச் சொல்வார்கள். கைலேஞ்சி அழுக்கோடு போகிறவனுக்கு, அதுவும் இங்கிலீஷ் தெரியாதவனுக்கு, வாசலோடு சரி.

இதற்கு மருந்து அவருடைய தாய்மண்ணிலேயே தயாராகிக் கொண்டிருந்தது.

அல்ஃபோன்ஸ் டெஜார்டன் என்று ஒருவர். ஆட்டவா பார்லிமெண்டில் பிரெஞ்சுப் பேச்சுக்களைச் சுருக்கெழுத்தில் குறிப்பெடுக்கிற வேலை. அரசியல்வாதிகள் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாக வேண்டிய பரிதாபமான உத்தியோகம். 1897ல் ஒரு நாள் ஓர் எம்.பி. கந்துவட்டியைப் பற்றிப் பேசினார். மான்ட்ரியாலில் ஒருவர் 150 டாலர் கடன் வாங்கினார். அதற்கு வட்டி மட்டும் 5,000 டாலர் கட்ட வேண்டி வந்தது என்றார். மற்ற மெம்பர்கள் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். எழுதிக் கொண்டிருந்தவருக்குத் தூக்கம் போயிற்று. ஐரோப்பியக் கூட்டுறவு பாங்குகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தார், கடிதம் போட்டார். 1900 டிசம்பரில், தன் சொந்த ஊரான லெவியில் ஒரு மக்கள் பாங்க் ஆரம்பித்தார். முதல் டெபாசிட் பத்து சென்ட். முதல் நாள் மொத்த வசூல் 26 டாலர் 40 சென்ட். பாங்க் ஆபீஸ்? அவர் வீடு. டெஜார்டன் பார்லிமெண்டுக்குப் போனால் கணக்குப் பார்ப்பது? அவர் மனைவி டோரிமேன்.

விதி சுலபம். பணம் போடுகிறவர்கள்தான் முதலாளிகள். எத்தனை பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கடன் கொடுக்கும்போது சொத்தைப் பார்ப்பதை விட ஆளைப் பார். அவன் யோக்கியனா என்று பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாததா?

பாதிரியார் எவே இந்த டெஜார்டனைத்தான் மான்செஸ்டருக்கு வரவழைத்தார். 1908 நவம்பர் 24 அன்று சேன்த் மரி பங்கில் கூட்டுறவுக் கடன் சங்கம் பிறந்தது. அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் அதுதான். நோத்ர் டாம் அவென்யூவில் ஜோசப் பாய்வின் என்ற வக்கீலின் வீட்டிலேயே கணக்கு வழக்கு. மில் விட்டு வருகிறவர்கள் சில்லறையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷமே மாநில சட்டசபை தனிச்சட்டம் போட்டு அங்கீகரித்தது.

நதிக்குக் கிழக்கே ஒரு மைல் நீளத்துக்குச் செங்கல் கோட்டை. மேற்கே ஒரு வக்கீல் வீட்டில் சில்லறை உண்டியல். அன்றைக்கு யாராவது இரண்டையும் ஒப்பிட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் நம் ஊருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. டெஜார்டன் லெவியில் உட்கார்ந்து ஜெர்மனியின் ரெய்ஃபைசன் ஆரம்பித்த கிராமக் கடன் சங்கங்களைப் படித்த அதே 1890களில், மதராஸ் மாகாணத்தில் ஃபிரெடரிக் நிகல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி விவசாயிகளின் கடனைப் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை எழுதிக் கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கான பக்கம் எழுதிவிட்டு, முடிவாக அவர் சொன்னதை ஒரு வரியில் அடக்கலாம்: நமக்கும் ஒரு ரெய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள்! 1904ல் கூட்டுறவுச் சட்டம் வந்து, திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் கடன் சங்கம் தொடங்கியது. மான்செஸ்டருக்கு நாலு வருஷம் முன்னால்! 1907ல் எட்வர்ட் ஃபிலீன் என்ற பாஸ்டன் ஜவுளிக்கடை முதலாளி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, வங்காளக் கிராமங்களில் இந்தச் சங்கங்களைக் கண்டு அசந்து போனார். பிறகு அமெரிக்கா முழுக்கக் கிரெடிட் யூனியன் பரவப் பணத்தை அள்ளி இறைத்தவர் அவர்தான். ஆக, கடன்பட்டவர் நெஞ்சம் க்யூபெக்கிலும் கலங்கியது, மதராஸிலும் கலங்கியது. வைத்தியம்கூட ஒரே கஷாயம்தான்.

மான்செஸ்டருக்குத் திரும்புவோம். செங்கல் கோட்டை என்ன ஆயிற்று?

முதல் உலக யுத்தம் முடிந்ததும், தெற்கு மாநில மில்கள் மலிவாகத் துணி விற்க ஆரம்பித்தன. 1922 பிப்ரவரியில் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. சம்பளம் 20 சதவிகிதம் குறைப்பு. வேலை நேரம் வாரத்துக்கு 48லிருந்து 54 மணி. பல் வைத்தியம் செய்த அதே கை! ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். ஒன்பது மாதம் ஸ்டிரைக். கடைசியில் களைத்துப்போய்த் திரும்பினார்கள். வேலை நேர விஷயத்தில் கம்பெனி அசைந்து கொடுக்கவில்லை. அதற்கப்புறம் 'நம்ம கம்பெனி' என்ற பேச்சில் பழைய சுருதி இல்லை.

1925ல் இன்னொரு வேலை நடந்தது. பாஸ்டனில் இருந்த பொருளாளர் ஃபிரெடரிக் டுமேன், கம்பெனியை இரண்டாகப் பிரித்தார். மில்லும் மெஷினும் ஒரு பக்கம். கோடிக்கணக்கான டாலர் ரொக்கக் கையிருப்பு இன்னொரு பக்கம். சட்டப்படி எல்லாம் சரி. சாதாரண பாஷையில் சொன்னால், மாட்டைக் கொட்டிலில் விட்டுவிட்டு வைக்கோலை வேறு வீட்டுக்கு மாற்றியாயிற்று. மாடு எத்தனை நாள் தாங்கும்? 1935 செப்டம்பரில் மில் நின்றது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கம்பெனி கோர்ட்டில் திவால் மனு போட்டது. 1936 மார்ச்சில் மெர்ரிமாக் வெள்ளம் வேறு உள்ளே புகுந்தது. ஜூலையில் எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்கச் சொல்லி உத்தரவு. நூறு வருஷம் ஊரின் மணியடித்து, கதவு பூட்டி, சம்பளம் கொடுத்து, வாடகை வாங்கியவர், ஒரே கோர்ட் காகிதத்தில் காணாமல் போனார்.

உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து 50 லட்சம் டாலருக்கு மில் வளாகத்தை வாங்கி, துண்டு துண்டாகச் சின்னத் தொழில்களுக்கு விட்டு ஊரை ஒருவாறு காப்பாற்றினார்கள். இன்று அந்தச் செங்கல் கட்டிடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள், பல்கலைக்கழக வகுப்புகள், ஒரு மியூசியம். தொழிலாளர் குடியிருப்புகள் கை மாறிவிட்டன. இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

உண்டியல்? அது உடையவில்லை. செயின்ட் மேரீஸ் பாங்க் என்ற பெயரில் இன்றைக்கும் மான்செஸ்டரில் நடக்கிறது. மில் மூடியபோதும் அது மூடவில்லை. நோத்ர் டாம் அவென்யூவில் அந்த வக்கீல் வீடு இப்போது கிரெடிட் யூனியன் மியூசியம். அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட சங்கங்களில் சுமார் 14 கோடி உறுப்பினர்கள்.

அதே நதியில் கீழே லோவல் என்று இன்னொரு மில் நகரம். நாவலாசிரியர் ஜாக் கெரவாக் பிறந்த ஊர். அவருக்கும் வீட்டு பாஷை பிரெஞ்சுதான். அங்கேயும் ஒரு 'குட்டி கனடா' இருந்தது. 1960களில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி புல்டோசர் வந்தது. தெருத் தெருவாகத் தரைமட்டம். எண்பது, தொண்ணூறு வருஷம் வாழ்ந்த இடம் அது. அபிவிருத்தி என்ற வார்த்தையை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதற்கு அர்த்தம் மாறும். ஒருவர் சொன்னால் ஊர் எழும்பும். இன்னொருவர் சொன்னால் ஊர் இருந்த இடம் தெரியாது. குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை என்பது மட்டும் இரண்டிலும் பொது.

ஆமஸ்கெக் கம்பெனியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவ்வளவு ஒழுங்காக ஊர் கட்டியவர்கள் உலகத்தில் குறைவு. அது போட்ட தெருவில்தான் மான்செஸ்டர் ஜனங்கள் இன்னமும் நடக்கிறார்கள். ஆனால் இடத்துக்காரர் எத்தனை தங்கமானவராக இருந்தாலும், அவர் கணக்குப் புத்தகம் இருக்கிற ஊர் வேறு. பாஸ்டனில் பேனாவை மூடினால் மான்செஸ்டரில் அடுப்பு அணையும். தறிக்காரர்கள் சில்லறை போட்டுச் சேர்த்த கணக்குப் புத்தகமோ, நாலு வீடு தள்ளி இருந்தது. அதை மூடவேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்கவேண்டும். கேட்டால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பிரெஞ்சில் சொல்லியிருப்பார்கள். அச்சில் போடும்படி இருந்திருக்காது.